ஒட்டிய காகிதம் ஏன் தெறித்து ஓடுகிறது?

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சீப்பால் தலைவாரிவிட்டுக் காகிதத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அவை வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே இருக்கும் எல்லோரும் செய்து பார்த்ததுதான். ஒட்டியதும் கைதட்டிவிட்டு, ‘இதுதான் நிலைமின்சாரம்’ என்று நோட்டில் எழுதி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். எனக்கு அதில்தான் வருத்தம். சீப்பை உடனே கீழே வைக்காதீர்கள். ஒட்டிய துணுக்குகளில் சில, யாரோ சுண்டிவிட்டது போலத் தெறித்து விழும். சொல்லித்தர வேண்டிய விஷயம் அங்கேதான் தொடங்குகிறது.

இதைத் தெளிவாகப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சாப்பாட்டுப் பார்சல் கட்டும் அலுமினிய ஃபாயிலில் கொஞ்சம் கிழித்து, மிளகு அளவு உருண்டையாகத் தளர்வாக உருட்டுங்கள். அதை மெல்லிய நைலான் இழையில் கட்டித் தொங்கவிடுங்கள். பருத்தி நூல் வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். அப்புறம், வயரிங் வேலையில் மிச்சமான பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைக் கம்பளித் துணியால் நன்றாகத் தேய்த்துப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

உருண்டை குழாயை நோக்கிப் பாயும், தொடும், தொட்ட கையோடு விலகும். குழாயால் துரத்தத் துரத்த ஓடும். விரலால் ஒருமுறை தொட்டுவிட்டால் மறுபடியும் குழாயிடம் வரும்.

ஏன் இப்படி? தேய்க்கும்போது கம்பளியிலிருந்து எலக்ட்ரான்கள், அதாவது ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டத் துகள்கள், குழாய்க்கு வந்துவிட்டன. குழாய் கிட்டே வந்ததும், உருண்டைக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் மறுபக்கம் ஒதுங்குகின்றன. குழாய்க்கு அருகிலுள்ள பக்கத்தில் எலக்ட்ரான் பற்றாக்குறை. அந்தப் பக்கம்தான் கிட்டே இருப்பதால் ஈர்ப்பு ஜெயிக்கிறது. தொட்ட பிறகு குழாயிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்கள் உருண்டைக்குப் போகின்றன. இப்போது இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம். விலகாமல் என்ன செய்யும்?

இந்த விலகலைப் பெரிய பெரிய ஆட்களே கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். 1600-இல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் எத்தனையோ பொருள்களைத் தேய்த்துப் பார்த்து எழுதியவர். தேய்த்த பொருள் ஈர்க்க மட்டுமே செய்யும் என்றுதான் அவர் நினைத்தார். 1733-இல் பிரான்ஸில் டூ ஃபே என்ற விஞ்ஞானி, தேய்த்த கண்ணாடிக் குழாயால் ஒரு தங்க இழைத்தாளை விரட்டிக் காற்றில் மிதக்கவிட்டுப் பார்த்தார். தேய்த்த வேறு பொருளும் அதை விரட்டத்தான் செய்யும் என்று எண்ணி, தேய்த்த மரப்பிசின் கட்டி ஒன்றை அருகே கொண்டுவந்தார். தாள் விரைந்து வந்து பிசினில் ஒட்டிக்கொண்டது. அவரே ஆச்சரியப்பட்டார். மின்னூட்டத்தில் இரண்டு வகை உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. நேர், எதிர் என்ற பெயர்கள் பிறகு அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வைத்தவை. அந்தத் தாளை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அவர் கண்டதை வீட்டு மேசையில் செலோடேப்பை வைத்தே காணலாம். மேசைமேல் ஒரு டேப் துண்டை ஒட்டுங்கள். அதன்மேல் இன்னொன்று. இரண்டின் நுனியையும் மடித்துப் பிடி வைத்து, கீழே இருப்பதில் ‘கீ’, மேலே இருப்பதில் ‘மே’ என்று எழுதுங்கள். பக்கத்திலேயே இதேபோல இன்னொரு ஜோடி. ஜோடியை ஒன்றாக மெதுவாக உரித்து, பசை இல்லாத பக்கம் விரலால் ஒருமுறை நீவுங்கள். ஏற்கெனவே ஏறிய மின்னூட்டம் போய்விடும். பிறகு ‘மே’யையும் ‘கீ’யையும் சட்டென்று பிரியுங்கள்.

‘மே’யும் ‘மே’யும் விலகும். ‘கீ’யும் ‘கீ’யும் விலகும். ‘மே’யும் ‘கீ’யும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டும். இப்போது வெறும் விரலை நீட்டுங்கள். இரண்டுமே விரலைத் தேடி வரும்! விரலில் மின்னூட்டம் ஏதும் இல்லை. ஆகவே ஒரு பொருள் ஈர்க்கப்பட்டால் அதில் மின்னூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, விலகினால்தான் உறுதி. ஆசிரியர்கள் இதைத் தயவுசெய்து வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள்.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ‘சார், வரவே மாட்டேங்குது’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். காரணம் காற்றின் ஈரம். பொருள்களின் மேல் படியும் நீர்ப்படலம் வழியாக மின்னூட்டம் கசிந்துவிடும். இதற்காகவே கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் காற்றின் ஈரத்தைக் கூட்டிவைக்கிறார்கள்; இழைகளில் மின்னூட்டம் ஏறினால் நூல் சரியாக ஓடாது. நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. ஏசி அறையில் செய்யுங்கள், அல்லது வறண்ட மதியத்தில். தலையில் எண்ணெய் இருந்தால் சீப்புச் சோதனை நடக்காது. குளித்துக் காய்ந்த முடி வேண்டும். எதுவும் சரிவராத நாளில்கூட டேப் பெரும்பாலும் கைகொடுக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் டேப்பில் எது நேர், எது எதிர்? காய்ந்த முடியில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு பொதுவாக எதிர் மின்னூட்டம் பெறும். அதைக் கிட்டே காட்டுங்கள். எது விலகுகிறதோ அதுவே எதிர். டேப்பின் பசையும் பிளாஸ்டிக்கும் மாறினால் விடையும் மாறலாம். அதனால் நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதாதீர்கள், உங்கள் டேப்பைப் பார்த்து எழுதுங்கள்.