ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம்: வெளிப் படகுகளை யார் கேட்பது?

[காட்சி: மே மாதம், சின்னமுட்டம் துறைமுகம். கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள்.]

வணக்கம். இது குமரி மாவட்டத்தின் சின்னமுட்டம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இங்கே ஒரு விசைப்படகுகூட அசையவில்லை. இதே நாளில் மேற்கே குளச்சலுக்குப் போய்ப் பாருங்கள், படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குக் கிளம்புகின்றன. இரண்டுமே சட்டப்படி சரிதான்.

கிழக்குக் கரைக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான். குமரி மாவட்டத்தில் இரண்டு கணக்கும் உண்டு: சின்னமுட்டம் கிழக்கில் சேரும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்கில் சேரும். கடலுக்குள் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. வெளித் துறைமுகப் படகுகள் இங்கே வந்து விதியை மீறிவிட்டுத் தப்பிக்கின்றன என்பதுதான் புகார்.

[காட்சி: கரையிலிருந்து 3 கடல் மைல், 12 கடல் மைல் காட்டும் வரைபடம்.]

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர், வள்ளம் என்கிற சிறு நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் உரியது. விசைப்படகு அங்கே மடி, அதாவது இழுவலை, இழுக்கக் கூடாது. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்கு எங்கேயும் அனுமதி இல்லை. 12 கடல் மைல் வரை மாநிலத்தின் கடல் என்பதால், கேரளத்தின் கொல்லத்துப் படகு வந்தாலும் தூத்துக்குடிப் படகு வந்தாலும் இதே விதிதான்.

அப்புறம் ஏன் வெளிப் படகு தப்பிக்கிறது? சோதனை பெரும்பாலும் துறைமுகத்தில்தான் நடக்கிறது. உள்ளூர்ப் படகு மாலையில் இங்கேதான் கரை சேர வேண்டும். தப்புச் செய்தால் மீனை ஏலம் விடலாம், மானிய டீசலை நிறுத்தலாம். வெளிப் படகோ மீனை வேறு துறைமுகத்தில் இறக்கிவிடும். நம் டீசல் மானியமும் அதற்குத் தேவையில்லை. நடுக்கடலில் ரோந்துப் படகு கையோடு பிடித்தால்தான் உண்டு.

இதில் அடிபடுவது வள்ளக்காரர். ராத்திரி வலை போட்டுவிட்டுக் காத்திருப்பார். இருட்டில் ஒரு விசைப்படகின் மடி அவர் வலையை அறுத்துக்கொண்டு போகும். பதிவு எண் கண்ணில் படாது. விடிந்தபின் யார்மேல் புகார் கொடுப்பார்? வலைக்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் மாவட்டத்துத் தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்கள் கொச்சி, மங்களூர், குஜராத் வரை போகிறவர்கள். அங்கே நம் ஆட்கள்தான் வெளியூர்க்காரர்கள். அதனால் “வெளிப் படகை விரட்டு” என்று நான் சொல்ல மாட்டேன். தடைக்காலம் மாறும் ஏப்ரல், ஜூன் மாதங்களிலாவது ரோந்து கடலுக்குள் போகட்டும். எந்த ஊர்ப் படகானாலும் எண்ணைப் பார்த்து ஒரே அபராதம் போடட்டும்.

வலை அறுந்தால் நேரத்தையும் ஜிபிஎஸ் புள்ளியையும் உடனே குறித்துவையுங்கள். எண்ணில் பாதி தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அறுந்த வலையைப் படம் எடுத்து, அன்றைக்கே மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.