கிளினிக் வாசலில் யார் நிற்கலாம்?

வணக்கம் மக்களே. இன்றைக்கு வீடியோ முழுக்க என் முகத்தைத்தான் பார்க்கப் போகிறீர்கள். வழக்கமாகத் தெருவைக் காட்டுவேன், பஸ் மாடியில் உட்கார்ந்து பேசுவேன், கடைசியில் எங்கேயாவது தோசை சாப்பிட்டு முடிப்பேன். இன்றைக்கு அது எதுவும் கிடையாது. பேசப் போவது மேற்கு லண்டனில், ஈலிங்கில், மேட்டக் லேன் தெருவில் இருக்கும் ஒரு கருக்கலைப்பு கிளினிக்கைப் பற்றி. அந்த வாசலுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால், இன்னும் ஐந்து நிமிடத்தில் யாரைக் குறை சொல்லப் போகிறேனோ அவர்கள் செய்ததை நானும் செய்ததாகிவிடும். அதனால் வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் துணி காய்வதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

ஈலிங் நம்மில் நிறைய பேருக்குத் தெரிந்த இடம்தான். வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோவில் தேருக்கு ஆகஸ்டில் எத்தனை பேர் வருகிறோம், ரோட்டில் எத்தனை தேங்காய் உடைகிறது! அதே ஈலிங்கில்தான் வால்போல் பார்க்கை ஒட்டி இந்த மேட்டக் லேன் போகிறது. ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் வீடுகள். அமைதியான தெரு. மேரி ஸ்டோப்ஸ் அமைப்பின் கிளினிக் அங்கே பல வருடங்களாக இருக்கிறது. அதன் வாசலில் இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரு கூட்டமும் இருந்தது.

கூட்டம் என்றதும் கல்லெறிகிறவர்களைக் கற்பனை செய்யாதீர்கள். ஒருநாள் நாலு பேர், ஒருநாள் பத்துப் பேர். கையில் ஜெபமாலை, கருவின் பெரிய படங்கள், துண்டுப் பிரசுரங்கள். உள்ளே போகிற பெண்ணைப் பார்த்து "மம்" என்று கூப்பிடுவார்கள். இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் ஜெபமாலைகளை அவள் கையில் திணிக்கப் பார்ப்பார்கள். ஏன் அந்த இரண்டு நிறம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கலைத்த கருவின் ஆவி உன்னைத் தொடரும் என்று சொன்னதாகக்கூடப் புகார் பதிவாகியிருக்கிறது. இதெல்லாம் பிறகு கோர்ட்டு வரைக்கும் போன விஷயங்கள்.

சரி, அவர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாரையும் திட்டவில்லை, உதவி செய்கிறோம், பணமில்லாமல் வேறு வழி தெரியாமல் வருகிற பெண்ணுக்கு வீடும் காசும் தருகிறோம் என்றார்கள். அது வெறும் பேச்சும் இல்லை. பின்னால் வழக்கு போட்டவர்களில் ஒரு பெண், கிளினிக் வாசலில் கிடைத்த உதவியால்தான் மனம் மாறிக் குழந்தையைப் பெற்றுக்கொண்டதாகச் சொன்னவர். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி. உதவி செய்ய நினைக்கிறவருக்கு ஊரில் வேறு இடமே கிடையாதா? சர்ச் இருக்கிறது, ஹாட்லைன் வைக்கலாம், விளம்பரம் கொடுக்கலாம். மயக்க ஊசிக்காக முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிடாமல் வருகிறவளை வாசலில் மறித்துத்தான் உதவ வேண்டுமா?

நானும் ஒரு தோழிக்குத் துணையாக ஒரு தடவை போயிருக்கிறேன். எந்த ஊர், எந்த வருடம் எதுவும் சொல்ல மாட்டேன், அது அவளுடைய கதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்த மாதிரி கிளினிக்குகளில் கதவு திறந்து கிடக்காது. பாதுகாப்புக்காக எப்போதும் பூட்டித்தான் இருக்கும். பெல்லை அழுத்தி, இன்டர்காமில் பெயரைச் சொல்லி, உள்ளே அவர்கள் லிஸ்ட்டில் பார்த்து, "டர்ர்" என்று சத்தம் வந்த பிறகுதான் தள்ள முடியும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த நேரம் முழுக்க, முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் முணுமுணுவென்று ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். இவள் தன் பெயரை இன்டர்காமில் மெதுவாகச் சொல்கிறாள். உள்ளே இருப்பவருக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்கிறார். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி தன் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை, தொடவில்லை. போலீஸைக் கூப்பிட்டால் என்ன புகார் கொடுப்பது?

ஈலிங்கிலும் சிக்கல் இதுதான். அடித்தால் சட்டம் இருக்கிறது. மிரட்டினால் சட்டம் இருக்கிறது. வெறுமனே நின்று பார்த்துக்கொண்டே இருப்பதற்கு என்ன சட்டம்?

2015-ல் ஈலிங்கில் கொஞ்சம் பெண்கள் சேர்ந்து 'சிஸ்டர் சப்போர்ட்டர்' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். பளிச்சென்று பிங்க் கலர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, சனிக்கிழமைகளில் அதே வாசலுக்குப் போவார்கள். வருகிற பெண் விரும்பினால் கூட நடந்து கதவு வரைக்கும் விடுவார்கள். விரும்பாவிட்டால் ஒதுங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் இதற்கு எஸ்கார்ட் என்று பெயர், எண்பதுகளிலிருந்தே பழகிப்போன விஷயம். அங்கே அது உயிரைப் பணயம் வைக்கிற வேலையாகவும் இருந்திருக்கிறது. 1994 ஜூலையில், ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில், ஜேம்ஸ் பாரெட் என்ற 74 வயது ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி, ஜான் பிரிட்டன் என்ற டாக்டரைத் தன் வண்டியில் கிளினிக்குக் கொண்டுவந்து இறக்கும்போது, இரண்டு பேரையும் சுட்டுக் கொன்றார்கள். கூட இருந்த பாரெட்டின் மனைவிக்குக் காயம். அதே ஊரில் அதற்கு முந்தைய வருடம்தான் டேவிட் கன் என்ற டாக்டரைக் கொன்றிருந்தார்கள். கிளினிக் வாசலை மறித்தால் நாடு முழுக்கக் குற்றம் என்ற சட்டம் அங்கே 1994 மே மாதமே வந்திருந்தது. அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்ற 23 பேருக்கு 2025 ஜனவரியில் டிரம்ப் மன்னிப்பு கொடுத்தார். அமெரிக்கா தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

ஈலிங்குக்கு வருவோம். இந்த பிங்க் ஜாக்கெட்காரர்கள் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது அவர்கள் வாசலில் நின்றது இல்லை. நின்றபடியே எழுதி வைத்தார்கள். அந்தத் தெருக்காரர்களும் எழுதினார்கள், கிளினிக் ஊழியர்களும் எழுதினார்கள். எந்த நாள், எத்தனை மணி, யார் என்ன சொன்னார்கள், அந்தப் பெண் அழுதாளா, திரும்பிப் போனாளா. அதோடு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்த்துக் கவுன்சிலிடம் கொடுத்தார்கள். குப்பை லாரி, பார்க்கிங் என்று பார்க்கிற அதே லோக்கல் கவுன்சில்தான். பொது இடத்தில் மற்றவர்களின் வாழ்க்கையைக் கெடுக்கிற நடத்தையைத் தடுக்க கவுன்சிலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. தெருவில் குடிப்பவர்களுக்கும் நாயை அவிழ்த்துவிடுபவர்களுக்கும் போடுகிற உத்தரவு அது. அதை எடுத்து இங்கே போடச் சொன்னார்கள். 2018 ஏப்ரலில் போட்டும்விட்டார்கள். பிரிட்டனிலேயே ஒரு கருக்கலைப்பு கிளினிக்கைச் சுற்றி வந்த முதல் பாதுகாப்பு வளையம் அதுதான். சுமார் நூறு மீட்டர். அதற்குள் ஜெபக் கூட்டம் கூடாது, படம் காட்டக்கூடாது, வருகிறவர்களையோ ஊழியர்களையோ வீடியோ எடுக்கக்கூடாது. எதிர்ப்பவர்களுக்கென்று ஓரமாக ஓர் இடம் ஒதுக்கினார்கள். நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, படம் ஏ3 தாளுக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அந்த உத்தரவு கருக்கலைப்பை எதிர்ப்பவர்களை மட்டும் விரட்டவில்லை. ஆதரித்தும் நிற்கக்கூடாது, எதிர்த்தும் நிற்கக்கூடாது என்று போட்டது. அதாவது பிங்க் ஜாக்கெட்டும் வெளியே. தங்களையும் சேர்த்து விரட்டச் சொல்லித்தான் அவர்கள் மூன்று வருடம் அலைந்திருக்கிறார்கள்! கிளினிக்குக்கு ஆதரவு என்றால் இதுதான் ஆதரவு என்று நான் நினைக்கிறேன். உள்ளே போகிற பெண்ணுக்கு இரண்டு கோஷ்டிக்கு நடுவில் நடப்பதில் என்ன நிம்மதி? ஒருவர் பாவி என்கிறார், இன்னொருவர் வீராங்கனை என்கிறார். அவளுக்கு இரண்டும் வேண்டாம். பல் டாக்டரிடம் போகிறவளை யாராவது கைதட்டி அனுப்புகிறோமா?

ஜெபம் செய்தவர்கள் தரப்பில் வழக்கு போட்டார்கள். 2018 ஜூலையில் உயர்நீதிமன்றமும், 2019 ஆகஸ்டில் அப்பீல் கோர்ட்டும் கவுன்சில் செய்தது சரி என்று சொல்லிவிட்டன. தெருவில் நடந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அந்தரங்கம் உண்டு, பேச்சுரிமையோடு சேர்த்து அதையும் எடைபோட வேண்டும் என்பதுதான் சாரம். பிறகு ரிச்மண்ட், மான்செஸ்டர், பர்மிங்ஹாம் என்று ஒவ்வோர் ஊராக இதே உத்தரவைக் கேட்டு வாங்கின. 2018-ல் நாடு முழுக்க வளையம் தேவையில்லை என்று அரசாங்கம் கைவிரித்திருந்தது, ஆனால் நாடாளுமன்றத்தில் 2022 அக்டோபரில் ஸ்டெல்லா க்ரீசி என்ற எம்.பி. கொண்டுவந்த திருத்தம் 297-க்கு 110 என்று ஜெயித்தது. சட்டமானது 2023-ல். நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 31. இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க 150 மீட்டர். ஸ்காட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்பே 200 மீட்டர், அங்கே சட்டமன்றத்தில் எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு. அயர்லாந்திலும் அதே அக்டோபரில் 100 மீட்டர். ஈலிங்கின் ஒரு தெருவில் தொடங்கியது எங்கே போய் நின்றது பாருங்கள்.

எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. போர்ன்மத்தில் கிளினிக்குக்கு வெளியே தலைகுனிந்து மௌனமாக ஜெபம் செய்த ஒருவருக்கு 2024 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. கோர்ட்டுச் செலவு மட்டும் 9,000 பவுண்டு. அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் மியூனிக் மாநாட்டில் இதை எடுத்துப் பேசி உலகச் செய்தியாக்கினார். மனசுக்குள் நினைப்பதைப் போலீஸ் கேட்கலாமா என்று கேட்டால், எனக்கும் கொஞ்சம் நெருடலாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்டர்காம் பக்கத்தில் நின்று முதுகில் அந்த முணுமுணுப்பை வாங்கிய பிறகு, மௌன ஜெபமானாலும் அது வெறும் மனசுக்குள் நடக்கிற விஷயம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஜெபத்தை இரண்டு தெரு தள்ளிச் செய்தால் கடவுளுக்குக் கேட்காதா என்ன?

அக்கா, நம் ஊரில் இப்படி யாரும் வாசலில் நிற்பதில்லையே என்று நிச்சயம் ஒருவர் கமெண்ட் போடுவீர்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் கேட்டுக்கு வெளியே கூட்டம் கிடையாது. ஆனால் கேட்டுக்கு உள்ளே? "வீட்டுக்காரர் வரலையா? கையெழுத்து யார் போடுவா?" என்று நாலு பேர் கேட்கிற மாதிரி கவுன்ட்டரில் ஒரு குரல் வரும். 1971-லிருந்து சட்டம் இருக்கிறது. வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்றுதான் அதில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றமும், திருமணமாகாதவள் என்று பிரித்துப் பார்க்கக்கூடாது, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக்கூடாது என்று சொல்லிவிட்டது. இலங்கையில் பார்க்கிறவர்களுக்கு இதுவும் கிடையாது, அங்கே தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் அனுமதி, அது 1883-ஆம் ஆண்டுச் சட்டம்.

அப்புறம், இங்கே இருக்கிறவர்கள் என்ன செய்யலாம் என்று போன வீடியோவில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பதாகை எழுதிக்கொண்டு கிளினிக் பக்கம் போகாதீர்கள். இப்போது அது உங்களுக்கும் குற்றம். தெரிந்தவர் யாராவது துணைக்குக் கேட்டால் போங்கள். மயக்க மருந்து கொடுத்தால் தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், கூட ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும். நம் பெண்கள் பலர் வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள், அந்த ஒரு ஆளுக்குத்தான் திண்டாட்டம். காரில் போகும்போது அறிவுரை வேண்டாம், ஃபோன் சார்ஜரும் ஒரு ஸ்வெட்டரும் கொண்டு போங்கள், காத்திருக்கும் அறையில் ஏசி குளிரும். அவளுக்கு மூத்த பிள்ளை இருந்தால் அன்றைக்கு ஸ்கூலிலிருந்து நீங்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள். பணம் கொடுக்க நினைத்தால் அபார்ஷன் சப்போர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு இருக்கிறது, 2009-லிருந்து வேலை செய்கிறார்கள். அயர்லாந்தில் தடை இருந்த காலத்தில் விமானம் ஏறி இங்கே வந்த பெண்களுக்குத் தங்கள் வீட்டு அறையைக் கொடுத்த லண்டன்காரர்கள் பலர் அவர்கள் வழியாக வந்தவர்கள்தான்.

ஊழியர்களை எல்லாரும் மறந்துவிடுகிறோம். நோயாளி ஒருநாள் வந்து போகிறாள், ரிசப்ஷனில் இருப்பவர் அந்த வாசலைத் தினமும் தாண்டினார். ஒரு நன்றிக் கார்டு தபாலில் போடுங்கள். உங்கள் பெயர் போட வேண்டும் என்றுகூட இல்லை.

கமெண்டில் ஒரு வேண்டுகோள். உங்கள் அனுபவத்தை எழுதலாம், ஆனால் யாருடைய பெயரும், எந்த கிளினிக், எந்த டாக்டர் என்பதும் வேண்டாம். எழுதினால் நான் நீக்கிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜெபம் செய்கிறவர்கள் யாராவது பார்த்தால் நீங்களும் எழுதுங்கள், மரியாதையாக எழுதினால் அது இருக்கும். அடுத்த வாரம் வெம்ப்ளி காய்கறிக் கடை வீடியோ, கட்டாயம் வெளியே போகிறேன். வரட்டுமா?