இடி இடிச்சா பிரிண்டரை எப்படி அணைக்கணும்? மை வராத பிரிண்டரோட நாலு நாள்

வணக்கம் மக்களே, பசியாறிட்டீங்களா? நான் இன்னும் பசியாறல. நேத்து ராத்திரி ஏழு மணிக்கு இந்தப் பிரிண்டரை அணைச்சு வெச்சேன். இப்ப காலைல ஏழு தாண்டிருச்சு, 12 மணி நேரம் முடிஞ்சது. பட்டனை அமுக்கித் திறந்து பார்க்கிறதுக்கு முன்னாடி இது எப்படி நின்னுச்சுன்னு சொல்லிடுறேன். இந்த மாதிரி நின்னுபோன பிரிண்டர் நம்ம தாமான்ல, அதான் குடியிருப்புல, நிறைய வீட்டுல அலமாரிக்கு மேல துணி மூடிக் கிடக்குது. அதுல பாதி கெட்டுப் போனதே இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

புதுசா பார்க்கிறவங்களுக்கு, நான் இருக்கிறது மலேசியாவுல, சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007ல பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாத்திட்டாங்க, எங்க வாயில இன்னும் பத்தாங்தான். சுத்தி செம்பனைத் தோட்டம். வீட்டுல பிள்ளைங்களுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன், சனிக்கிழமை மூணு மணி வகுப்புக்கு 11 பேர் வராங்க. ஆளுக்கு எட்டுப் பக்கம் பயிற்சித்தாள். கடையில ஒரு பக்கம் 30 சென், கணக்குப் போட்டுக்குங்க.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி. பிரிண்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சு, நான் கொடியில துணி எடுக்கப் பின்னால போயிட்டேன். ஒரு இடி, வீடே அதிர்ந்துச்சு. அப்பா ஓடி வந்து டிவி, வைஃபை, பிரிண்டர் எல்லாத்தையும் சுவத்து சுவிட்சுல தட்டி அணைச்சு, பிளக்கையும் பிடுங்கிட்டாரு. அப்பா மேல நான் கோவிக்கவே இல்லை. தோட்டத்து லயத்துல இருந்தப்ப ஒரே ஒரு மின்னல்ல மூணு வீட்டு டிவி கருகினதை நானே பார்த்திருக்கேன். ஏப்ரல்லயும் அக்டோபர்லயும், பருவக்காத்து மாறுற நேரத்துல, மத்தியானத்துக்கு மேல நம்ம பக்கம் இடி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பிளக்கைப் பிடுங்குறது சரிதான். பிடுங்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒண்ணை நான்தான் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கல.

இங்க வாங்க, மூடியைத் திறந்து காட்டுறேன். உள்ள இடதும் வலதும் ஓடுதே, இதுதான் ஹெட். இதுக்கு அடியில தலைமுடியை விட மெல்லிசா நூத்துக்கணக்கான துளை இருக்கு. வேலை முடிஞ்சா இது வலது பக்கம் ஓரமாப் போய் நிக்கும். அங்க ஒரு ரப்பர் மூடி மேல வந்து துளைங்க எல்லாத்தையும் அடைச்சுக்கும். பேனாவை எழுதிட்டு மூடி போடுறோமே, அதேதான். மையில பெரும்பகுதி தண்ணி. மூடி இல்லாம இருந்தா தண்ணி ஆவியாகிடும், மிச்சம் துளையிலயே காய்ஞ்சு கெட்டியாகிடும்.

பிரிண்டர்ல இருக்கிற பட்டனை அமுக்கி அணைச்சா, அது முதல்ல ஹெட்டை ஓரத்துக்குக் கொண்டு போய் மூடி போட்டுட்டுத்தான் தூங்கும். அந்த விளக்கு கொஞ்ச நேரம் மினுக்குறது அதுக்குத்தான். ஓடிக்கிட்டு இருக்கிறப்ப சுவத்து சுவிட்சைத் தட்டினா ஹெட் நடுவழியிலயே நின்னுடும், மூடி கிடையாது. என்னோடது செவ்வாய்க்கிழமை அப்படித்தான் நின்னுச்சு. நான் வந்து பாதியில தொங்கின தாளை மட்டும் இழுத்து எடுத்துட்டு, பிளக்கைக்கூட மாட்டாம விட்டுட்டேன். மூணு நாள் அந்தத் துளைங்க எல்லாம் திறந்தே கிடந்துச்சு, மேல காத்தாடி வேற சுத்திக்கிட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டா, தாள் வருது, சத்தம் வருது, கறுப்பு மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

நீங்க என்ன பண்ணுவீங்க? எல்லாரும் முதல்ல கம்ப்யூட்டரைத் திட்டுவோம், பிரிண்டரை ஓட்டுற டிரைவர் மென்பொருளை அழிச்சு மறுபடி போடுவோம், ஒரு மணி நேரம் போயிடும். அதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு, ஒரு நிமிஷம் போதும். ஸ்கேன் பண்ற மாடலா இருந்தா மேல ஒரு எழுத்துள்ள தாளை வெச்சு, பிரிண்டர்லயே இருக்கிற காப்பி பட்டனை அமுக்குங்க. இதுல கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. காப்பி நல்லா வந்தா பிரிண்டர் நல்லா இருக்கு, கோளாறு கம்ப்யூட்டர்ல இல்லாட்டி வைஃபைல. தாள் வெள்ளையா வந்தா மை. தாளே வரலைன்னா தாளை உள்ள இழுக்கிற உருளை. இந்த மூணுல எதுன்னு தெரியாம கையை வெக்காதீங்க, தயவுசெஞ்சு.

கம்ப்யூட்டர் பக்கத்தைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். "ஆஃப்லைன்"னு காட்டினா, வீட்டுல அண்மையில வைஃபை பெட்டி மாத்தினீங்களான்னு யோசிங்க. பிரிண்டர் இன்னும் பழைய வைஃபை பேரைத்தான் தேடிக்கிட்டு இருக்கும். புதுப் பெட்டிக்கும் அதே பழைய பேரு, அதே பாஸ்வேர்டு வெச்சிட்டா பெரும்பாலும் தானா வந்து ஒட்டிக்கும். இன்னொண்ணு, வைஃபை அலை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு வகை, வீட்டுப் பிரிண்டர் நிறையவற்றுக்கு 2.4தான் தெரியும், 5ல மட்டும் விட்டிருந்தா அதோட கண்ணுக்கே படாது. அப்புறம் விண்டோஸ்ல, கடைசியா எதுல பிரிண்ட் போட்டோமோ அதையே வழக்கமான பிரிண்டரா எடுத்துக்கிற அமைப்பு ஒண்ணு உண்டு. ஒரு நாள் பிடிஎஃப்பா சேமிச்சிருப்பீங்க, மறுநாள் பிரிண்ட் கொடுத்தா அதுலயே போகும், பிரிண்டர் பாவம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

வரிசையில ஒரு பிரிண்ட் சிக்கிக்கிட்டு அழியவும் மாட்டேங்குது, பின்னால உள்ளதும் வர மாட்டேங்குதா? தேடுற இடத்துல சர்வீசஸ்னு தட்டுங்க. பட்டியல்ல பிரிண்ட் ஸ்பூலர் இருக்கும், வலது கிளிக், ஸ்டாப். அப்புறம் சி டிரைவ்ல விண்டோஸ், அதுக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ். உள்ள இருக்கிற ஃபைலுங்களை மட்டும் அழிங்க, ஃபோல்டரை விட்டுடுங்க. திரும்ப ஸ்டார்ட் கொடுங்க. பக்கத்து வீட்டு அக்கா மகனுக்கு ஃபோன்லயே சொல்லிக் கொடுத்தேன், அஞ்சு நிமிஷத்துல ஓடிருச்சு.

தாள் வரலைன்னா நம்ம ஊர்ல முதல் காரணம் ஈரம்தான். மழைக்காலத்துல திறந்து வெச்ச ஏ4 கட்டு தண்ணியை உறிஞ்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் மூணு தாள் சேர்ந்து வரும், இல்லாட்டி வரவே வராது. பிரிச்ச கட்டை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க. போடுறதுக்கு முன்னாடி நல்லா விசிறி விட்டுப் போடுங்க. உருளையை லேசா ஈரம் பண்ணின துணியில துடைங்க. பின்னால தாள் வெக்கிற மாடலா இருந்தா டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. எனக்கு ஒரு தடவை பென்சில் மூடி கிடைச்சுது, இன்னொரு தடவை பல்லி முட்டை.

இப்ப மைக்கு வருவோம், என் கதையும் இதுதான். நீங்க எதையும் பிரிக்கிறதுக்கு முன்னாடி நாசில் செக் அடிங்க, அதான் துளைங்களைச் சோதிக்கிற பக்கம். கட்டம் கட்டமா கோடு வரும். எந்த நிறத்துல கோடு விட்டுப்போச்சோ அந்த நிறம் அடைச்சிருக்கு. என்னோடதுல, இதோ வெள்ளிக்கிழமை எடுத்தது, கறுப்பு சுத்தமா இல்லை, மஞ்சள் பாதி. அப்புறம் ஹெட் கிளீனிங். கிளீனிங், செக், மறுபடி கிளீனிங், செக். மூணோட நிறுத்திடணும். இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா இங்கதான் எல்லாரும் ஆத்திரத்துல பத்து தடவை அமுக்குறாங்க. கிளீனிங்னா துளை வழியா மையை உறிஞ்சி வெளிய தள்ளுறது. அந்த மை எங்க போகுது? அடியில ஒரு பஞ்சு இருக்கு, அதுல. அந்தப் பஞ்சு நிறைஞ்சுருச்சுன்னு பிரிண்டர் கணக்குப் போட்டா, வேலையையே நிறுத்திடும். காசு போட்ட மையும் போய், நல்ல பிரிண்டரும் நின்னுடும்.

மூணு தடவைக்கு அப்புறம் காத்திருக்கணும். எப்சன் டேங்க் மாடல்கள், அதான் போத்தல்ல இருந்து மை ஊத்துறது, நிறையவற்றுக்குக் கையேட்டுல 12 மணி நேரம்னு போட்டிருக்கும். கேனன்ல இன்னும் பலமான டீப் கிளீனிங்கும் பலிக்கலைன்னா அணைச்சு, பிளக்கைப் பிடுங்காம, 24 மணி நேரம் கழிச்சு மறுபடி செய்யச் சொல்வாங்க. அந்த நேரத்துல உள்ள போன காத்துக் குமிழி அடங்கும், காய்ஞ்ச மை ஊறி இளகும். அப்பா சொல்வாரு, வெள்ளைத் துணியில ரப்பர் பால் கறை காய்ஞ்சா தேய்க்காதே, ஊற வைன்னு. பால்மரம் வெட்டினவரு, அவருக்குத் தெரியும்.

டேங்க் மாடல்ல பெரிய கிளீனிங் ஒண்ணு இருக்கு, பவர் கிளீனிங்னு. டேங்க்ல மூணுல ஒரு பங்காவது மை இல்லாம அதைத் தொடாதீங்க, குழாய்க்குள்ள காத்து ஏறிடும். பழைய டேங்க் மாடல் சிலதுல பக்கத்துல திருகு மாதிரி ஒரு பூட்டும் இருக்கும், தூக்கிக்கிட்டுப் போறப்ப மையை அடைக்கிறதுக்கு. வீடு மாறி வந்தவங்க அதைத் திருப்பி விட மறந்துடுவாங்க. டேங்க் நிறைய மை இருக்கும், தாள்ல ஒண்ணும் விழாது.

சின்னக் காட்ரிஜ் போடுற மாடல் வேற கதை. அதுல பெரும்பாலும் ஹெட் காட்ரிஜ்லயே இருக்கும். புதுசு போட்டும் வரலையா, மேல ஒட்டியிருக்கிற டேப்பை உரிச்சீங்களான்னு பாருங்க. பழசு காய்ஞ்சிருந்தா, டிஷ்யூவை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, துளை இருக்கிற பக்கத்தை ஒரு நிமிஷம் அதுமேல வைங்க, மை ஊறி இறங்கும். செம்பு நிறத்துல தெரியுற இடத்துல விரல் படக்கூடாது. குழாய்த் தண்ணி வேண்டாம், அதுல உப்பு இருக்கு. மோட்டர் கடையில பேட்டரி தண்ணி விக்கிறாங்களே, அது போதும். பேட்டரி ஆசிட் இல்லை, தண்ணி, போத்தலைப் படிச்சு வாங்குங்க. காய்ஞ்சு தீர்ந்த காட்ரிஜை வெச்சுக்கிட்டு விடாம அடிக்கவும் கூடாது. கேனன், எச்பி மாதிரி இயந்திரங்கள்ல மையைச் சூடாக்கிக் குமிழி விட்டுத்தான் துளி தெறிக்குது. 1977ல கேனன் ஆய்வுக்கூடத்துல ஒருத்தர் சூடான பற்றவைப்புக் கம்பியைத் தவறுதலா மை ஊசியில பட வெச்சிட்டாரு, நுனியில மை தெறிச்சுது. கேனனோட முறை அதுல இருந்துதான் வந்துச்சு. அந்தச் சூட்டுக்கு மைதான் குளிர்ச்சி. மை இல்லாம சூடேறினா ஹெட்டே கருகிடும். எப்சன்ல சூடு கிடையாது, மின்சாரம் பட்டா வளையுற சின்னத் தகடு மையைத் தள்ளும்.

2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துச்சே, அப்ப பிள்ளைங்க பாடமெல்லாம் வாட்ஸ்அப்புல வந்துச்சுன்னு நம்ம தாமான்ல எத்தனை வீடு பிரிண்டர் வாங்கினாங்க! தினமும் ஓடுன வரைக்கும் ஒண்ணும் ஆகல. பள்ளி திறந்து மாசக்கணக்கா சும்மா கிடந்தப்பதான் காய்ஞ்சுது. வாரத்துக்கு ஒரு தடவை எல்லா நிறமும் இருக்கிற ஒரு பக்கம் அடிங்க. கிளீனிங்ல போற மையை விட அது ரொம்பக் கம்மி.

சரி, திறக்கிறேன். பட்டன்ல. ...சத்தம் கேக்குதா, ஹெட் நகருது. நாசில் செக் கொடுத்துட்டேன்.

வருது. வருது... கறுப்பு! பாருங்க, கறுப்பு முழுக் கட்டமும் வந்துருச்சு. ஒரு கோடு மட்டும் இங்க மங்கலா இருக்கு. மஞ்சள்ல ரெண்டு கோடு விட்டிருக்கு. ஒரே ஒரு கிளீனிங் கொடுக்கிறேன், அதுக்கு மேல இல்லை. கொஞ்சம் இருங்க.

...ம்ம். கறுப்பு சுத்தம். மஞ்சள்ல ஒரு கோடு இன்னும் இல்லை, பரவாயில்லை, பயிற்சித்தாளுக்கு மஞ்சள் எதுக்கு, ராத்திரி பார்த்துக்கிறேன். அப்பா, இங்க வாங்கப்பா, வந்துருச்சு! இந்தப் பட்டனை நீங்களே ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. விளக்கு மினுக்குதுல்ல, அது நிக்கிற வரைக்கும் பொறுங்க. ...நின்னுருச்சா? இப்பப் பிடுங்கலாம். இல்லப்பா, இப்ப வேணாம், 88 பக்கம் அடிக்கணும்.