சுகம் கிடைக்காதவரின் சாட்சி

அன்பானவர்களே,

சாட்சிக் கூட்டங்களில் நோய் தீர்ந்தவர் மேடையேறுவார். தீராதவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். இன்று அந்தக் கடைசி வரிசைக்காகப் பேசுகிறேன்.

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். கேரளத்துக்காரர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு உல்லாசப் பயணம் போன இடத்தில் கார் விபத்து. முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! கால் திரும்பவில்லை. பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். “என் கிருபை உனக்குப்போதும்” என்று பதில் வந்தது. இந்த வசனத்தைக் காலண்டரில் அச்சடித்து வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிறோம். முள் நீங்காது என்று சொன்ன பதில் அது என்பதுதான் நமக்கு மறந்துபோகிறது.

நம் ஆட்கள் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கப் போனால் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோவார்கள்: எதனால் இப்படி ஆயிற்று? பிறவிக் குருடனைப் பார்த்த சீஷர்களும் அதையேதான் கேட்டார்கள், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று. இரண்டும் இல்லை என்றார் இயேசு. சொல்லிவிட்டுச் சேறு குழைக்கக் குனிந்தார்.

மேரியின் படுக்கைக்கு டாக்டர் பால் பிராண்ட் வந்தார். நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர், தொழுநோயாளிகளின் கையைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையில் முன்னோடி. அவர் கொண்டுவந்தது ஒரு வேலை. கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா?

தொழுநோயில் நரம்பு கெட்டு விரல்கள் உள்ளே மடங்கிவிடும். கெடாத ஒரு தசையின் நாணை எடுத்து, வழி மாற்றி, அந்த விரல்களில் தைப்பார்கள். அப்புறம் எந்தத் தசையை இழுத்தால் எந்த விரல் அசையும் என்று நோயாளி புதிதாகப் பழக வேண்டும். ஊர் ஒதுக்கிவைத்த ஒருவர் மேசையில் கையை நீட்டுகிறார். எதிரே சக்கர நாற்காலியில் அறுவை மருத்துவர். அவரிடம் போய் “உங்களுக்கு என்ன தெரியும் எங்கள் கஷ்டம்” என்று யாரால் கேட்க முடியும்?

இதற்காகத்தான் கடவுள் அந்த காரைக் கவிழ்த்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விபத்து விபத்துதான். ஆனால் அதற்குப் பிறகும் அவருக்கு ஓர் அழைப்பு இருந்தது, அதற்கு அவர் சரி என்றார். நான் விசுவாசம் என்று சொல்வது இவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதிலிருந்து அங்கே பழகுகிறார்கள். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986இல் மறைந்தார், கடைசிவரை நடக்கவில்லை.

கமிட்டி அண்ணன்மார் முன்வரிசையில் இருக்கிறீர்கள். நம் ஆலய வாசலில் படிகள்தான் இருக்கின்றன, சாய்தளம் இல்லை. மேரி வர்கீஸ் இன்று வந்தால் நாலு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். வருகிற கூட்டத்தில் அந்தச் செலவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.