காலிமுகத்திடலை யார் எங்கிருந்து பார்த்தார்கள்?

[திரையில்: கொழும்பு, காலிமுகத்திடலின் வட முனை. தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய கட்டடம்.]

இந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இது ஜனாதிபதிச் செயலகம். 2022 ஏப்ரல் 9 அன்று இதன் வாசலில்தான் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள், கூடாரம் அடித்தார்கள், அந்த இடத்துக்கு 'கோட்டா கோ கம' என்று பெயரும் வைத்தார்கள். சிங்களத்தில் 'கம' என்றால் ஊர். கோட்டா என்பது அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச. 'கோட்டாவே, போ' என்று சொல்வதற்கென்றே ஒரு ஊர்.

இப்போது 66 வருடம் பின்னால் போவோம். அப்போது இதே கட்டடம் பாராளுமன்றம். 1956 ஜூன் 5. உள்ளே, சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம். வெளியே, இதே திடலில், செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒரு கும்பல் வந்து அவர்களை அடித்து விரட்டியது. அந்தக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கம் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு சபைக்குள் போனார்.

ஒரே திடல்தான். ஆனால் 2022இல் அங்கே கூடியவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. வடக்கில் வயதான ஒருவரிடம் 'காலிமுகத்திடல்' என்று சொன்னால் முதலில் இதுதான் நினைவுக்கு வரும். 2022 போராட்டத்தை நாடு எப்படிப் பார்த்தது என்ற கேள்விக்கு இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

[திரையில்: எரிபொருள் நிலையம், முடிவு தெரியாத வரிசை.]

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 தொடக்கத்தில் டொலர் தீர்ந்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மருந்து இல்லை, ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று ஏப்ரல் 12 அன்று அரசே அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச் 31 இரவு, மிரிஹானவில் கோட்டாபய ராஜபக்சவின் வீட்டை மக்கள் முற்றுகையிட்டிருந்தார்கள். அரசின் முதல் பதில், இது தீவிரவாதிகளின் வேலை என்பது. இந்தப் பதில் வடக்கு கிழக்குக்குப் புதிதல்ல. தெற்கில் வரிசையில் நின்று களைத்துப்போனவர்களுக்குப் புதிது.

தெற்கின் கோபத்துக்குள் ஒரு வெட்கமும் கலந்திருந்தது. 2019 நவம்பரில் கோட்டாபய வென்றது 69 லட்சம் வாக்குகளில். அந்த எண்ணே பிறகு ஒரு கேலிச்சொல் ஆகிவிட்டது. யாராவது விலைவாசியைப் பற்றிப் புலம்பினால், 'நீங்களும் அந்த 69 லட்சத்தில் ஒருவர்தானே?' என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பார். 2009இல் புலிகளுடனான போரை வென்றவர் என்று நம்பிப் போட்ட வாக்கு. அந்த வெற்றியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், காஸ் சிலிண்டருக்காக மட்டும் அவரைத் திட்டியவர்களும் திடலில் இருந்தார்கள். போரில் காயமடைந்த முன்னாள் படையினரும் அங்கே வந்து நின்றார்கள்.

சரி, வடக்குக்கு வருவோம்.

[திரையில்: ஒரு ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு, சிறிது மண்ணெண்ணெய், ஒரு திரி.]

இது என்ன தெரியுமா? விளக்கு. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் கொள்ளை விலை. அதனால் போத்தலில் பஞ்சை வைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் புகையின் மணம் இன்னும் மறக்கவில்லை என்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி வருடக்கணக்கில் வாழ்ந்தவரிடம் போய், 'வரலாறு காணாத தட்டுப்பாடு' என்றால் என்ன சொல்வார்? 'இப்பதான் உங்களுக்குத் தெரியுதோ?' என்பார். சொல்லிவிட்டு அவரும் வரிசையில் போய் நிற்பார், அவருக்கும் பெற்றோல் வேண்டுமே.

அந்த ஒற்றை வரியை ஏளனம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். வடக்கில் கூட்டம் சேரவில்லை, ஆகவே தமிழர்களுக்கு அக்கறை இல்லை என்று தொலைக்காட்சி விவாதங்களில் முடிவு கட்டினார்கள். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகத்தான் படுகிறது. 2019இல் யாழ் மாவட்டத்தில் 80 வீதத்துக்கு மேல் கோட்டாபயவுக்கு எதிராகத்தான் விழுந்தது. அவர் போக வேண்டும் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. இன்னொன்று, வடக்கில் போராட்டம் இல்லாமலும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் அதே மாதம் தொடங்கியது. கோட்டா கோ கமவில் முதல் கூடாரம் எழுந்த அன்று அந்த அம்மாக்கள் 1,800 நாட்களைத் தாண்டியிருந்தார்கள். அவர்களுடைய பந்தலுக்குத் தெற்கின் கமெரா எத்தனை தடவை வந்தது?

அதைவிட முக்கியமானது பயம். கொழும்பில் ஓர் இளைஞர் பொலிஸ் தடுப்பின் மேல் ஏறிக் கத்தினால் கண்ணீர்ப்புகை அடிப்பார்கள். அதையே முல்லைத்தீவில் ஒருவர் செய்தால் வீட்டுக்கு யார் வருவார்கள், எந்தச் சட்டத்தில் கொண்டுபோவார்கள் என்பது வேறு கணக்கு.

முஸ்லிம்களின் கணக்கும் தனி. இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்று நடத்திய 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு முழுச் சமூகமும் சந்தேகத்தில் பார்க்கப்பட்டது. கோவிட்டில் இறந்தவர்களின் உடல்களைக் குடும்பத்தின் விருப்பத்தை மீறி எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. திடலுக்கு அவர்கள் வந்தார்கள். அது ரமழான் மாதம், நோன்பும் அங்கேயே திறந்தார்கள், பக்கத்தில் நின்ற மற்றவர்களுக்கும் பகிர்ந்தார்கள். ஆனாலும் வீட்டில் பெரியவர்கள், 'முன்வரிசையில் நிற்காதே' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அது எல்லாச் சிறுபான்மை வீடுகளுக்கும் பொதுவான வசனம்.

மலையகத்தில் கதை இன்னும் நேரடி. 2021இல்தான் தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அடுத்த வருடமே கோதுமை மா விலை அதை விழுங்கிவிட்டது. வேலையை விட்டுவிட்டுக் கொழும்பில் கூடாரம் போட அங்கே யாருக்கு வசதி இருந்தது?

[திரையில்: மே 18, 2022. திடலில் ஒரு பெரிய பானை, கஞ்சி.]

இனி நான் அதிகம் யோசித்த காட்சி இது. 2009 போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சனம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது கஞ்சியில். அரிசி கொஞ்சம், உப்பு, தண்ணீர் நிறைய. அவ்வளவுதான். ஒவ்வொரு மே மாதமும் வடக்கில் அதைக் காய்ச்சிப் பகிர்வார்கள், சில வருடங்களில் அதற்கும் பொலிஸ் தடை. 2022இல் அந்தக் கஞ்சி காலிமுகத்திடலுக்கு வந்தது. சிங்களவர்கள் வாங்கிக் குடித்தார்கள். பௌத்த பிக்குகளும் நின்றார்கள். கொழும்பின் நடுவில், வெளிப்படையாக, இறந்த தமிழர்களுக்கு விளக்கு.

இதற்கு வந்த எதிர்வினைகளைப் பாருங்கள். தெற்கில் ஒரு பகுதியினர், 'புலிகளை நினைவுகூர்கிறார்கள், போராட்டம் தடம் மாறிவிட்டது' என்றார்கள். வடக்கில் சிலர் கண் கலங்கினார்கள். வேறு சிலர், '13 வருடம் எங்கே இருந்தீர்கள்?' என்றார்கள். அந்தக் கஞ்சியைக் குடித்த சிங்கள இளைஞர்களில் சிலருக்கு 2009இல் வயது எட்டோ பத்தோ. அந்த மே மாதத்தில் தெருவில் பாற்சோறு பகிர்ந்து கொண்டாடியது மட்டும்தான் அவர்களுக்கு நினைவில் இருந்திருக்கும்.

தெற்கும் ஒரே மாதிரி நிற்கவில்லை. மே 9 அன்று பிரதமரின் இல்லமான அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட ராஜபக்ச ஆதரவாளர்கள் திடலில் புகுந்து அடித்தபோது அனுதாபம் முழுவதும் போராட்டக்காரர்கள் பக்கம். அன்றே ஆளும் கட்சியினரின் வீடுகள் எரிந்தன, நிட்டம்புவவில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார். அதன் பிறகு, 'போதும், நாடு நின்றுபோகும்' என்ற குரல் கேட்கத் தொடங்கியது. ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் மக்கள் குதித்ததை உலகமே பார்த்தது. அதே இரவு அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் வீடு எரிந்தபோது, கைதட்டியவர்களில் பலர் கையைக் கீழே போட்டார்கள். கோட்டாபய பதவி விலகினார், ரணில் ஜனாதிபதி ஆனார். ஜூலை 22 விடியுமுன் படையினர் புகுந்து கூடாரங்களைப் பிய்த்தபோது தெருவுக்கு வந்தவர்கள் முன்பைவிடக் குறைவு.

அப்புறம் ஒன்று நடந்தது. ஆகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டம். நாற்பது வருடத்துக்கு மேலாக அதன் பெயரைக் கேட்டாலே தமிழ் வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் அவர் உள்ளே இருந்தார். செப்டெம்பரில், அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் வாகனம் வடக்கின் காங்கேசன்துறையிலிருந்து தெற்கின் அம்பாந்தோட்டைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை ராஜபக்சக்களின் மாவட்டம்.

[திரையில்: வெறுமையான திடல். பட்டம் விற்பவர்கள், கடல் காற்று.]

2024 நவம்பர் பொதுத் தேர்தலில், தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ் மாவட்டத்தில் முதலிடம் பிடித்தது. ஆறு ஆசனங்களில் மூன்று. இதைப் போராட்டத்தின் விளைச்சல் என்பவர்களும் உண்டு, தமிழ்க் கட்சிகள் மீதான சலிப்பு என்பவர்களும் உண்டு. இரண்டும் கலந்தது என்பது என் கணிப்பு. அந்த வாக்குகள் எண்ணப்பட்ட இரவில் காலிமுகத்திடலில் ஒரு கூடாரமும் இல்லை. வவுனியாவில், தெருவோரப் பந்தலில், படங்களை மடியில் வைத்தபடி அந்த அம்மாக்களின் போராட்டம் எட்டாவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது.