கீழே போடாத இரண்டு கற்கள்

சிந்தனைப் பரிசோதனை என்றாலே, "உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்வதெல்லாம் அறிவியலா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கலிலியோவின் இரண்டு கற்களைத்தான் காட்டுவேன்.

கனமான பொருள் வேகமாக விழும் என்பது அரிஸ்டாட்டில் காலத்து நம்பிக்கை. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்று 1638-இல் வெளிவந்த நூலில் கலிலியோ தொடங்குகிறார். பெரிய கல்லின் வேகம் 8, சின்னதின் வேகம் 4. இரண்டையும் சேர்த்துக் கட்டி மேலிருந்து விட்டால், மெதுவாக வரும் சின்னக் கல் பெரியதைப் பின்னுக்கு இழுக்கும், ஆக வேகம் 8-க்குக் குறைய வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் பெரிய கல்லைவிடக் கனம் கூடிவிட்டதே, அப்போது 8-ஐத் தாண்ட வேண்டாமா? ஒரே நம்பிக்கை ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பதில்களைத் தருகிறது, ஒரு கல்லைக்கூடக் கீழே போடாமலே அது உடைந்துபோகிறது!

எவ்வளவு வேகத்தில் விழும் என்பதை இது சொல்லாது. அதற்குக் கலிலியோவும் சாய்வுப் பலகையில் பந்து உருட்டி அளக்கத்தான் வேண்டியிருந்தது. அப்புறம் 1971-இல் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் ராஜாளி இறகையும் ஒன்றாக விட்டார், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி யோசித்தவர் எதிர்பார்த்த முடிவு வராமலும் போகலாம். 1935-இல் ஐன்ஸ்டீன், போடோல்ஸ்கி, ரோசன் மூவரும் ஒன்றோடொன்று பிணைந்து, பிறகு விலகிப்போன இரண்டு துகள்களைக் கற்பனை செய்தார்கள். ஒன்றை அளந்தால் மற்றதைத் தொடாமலே அதன் மதிப்பைச் சொல்லிவிடலாம், அப்படியானால் அந்த மதிப்பு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும், அதைச் சொல்லாத குவாண்டம் கோட்பாடு (அணு அளவிலான துகள்களை விளக்கும் கோட்பாடு) முழுமையானதல்ல என்பது அவர்கள் வாதம். பல ஆண்டுகள் இது வெறும் தத்துவச் சண்டையாகவே பார்க்கப்பட்டது. 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல்தான் இதை ஆய்வகத்தில் அளந்து பார்க்கக்கூடிய கணக்காக மாற்றினார். கிளவுசர், ஆஸ்பெ, சைலிங்கர் ஆகியோர் செய்த சோதனைகளின் முடிவு ஐன்ஸ்டீன் பக்கம் வரவில்லை, அந்த மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதை ஐன்ஸ்டீனின் தோல்வி என்று பேசுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. குவாண்டம் கோட்பாடு இடறும் இடத்தை அவர் அவ்வளவு துல்லியமாகச் சுட்டிக்காட்டியதால்தானே பெல்லுக்குப் பிடிமானம் கிடைத்தது? அந்தக் கணக்கை வைத்தே, ரகசியத் தகவலை நடுவில் யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று கண்டுபிடிக்கும் முறையை 1991-இல் ஆர்த்தூர் எக்கர்ட் முன்வைத்தார்.