ஒரு பாசிமணியை ஆராய்வது எப்படி?

வணக்கம். டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் கேட்டுக்கொண்டிருக்கும் இளைய நேயர்களே! தொல்லியலாளர் கையில் ஒரு கண்ணாடிப் பாசிமணி கிடைத்தால் அதை என்ன செய்வார் என்று இன்று பார்ப்போம்.

நம் தென்னாப்பிரிக்காவின் வடக்கு எல்லையில், லிம்போப்போ ஆறும் சாஷி ஆறும் கூடும் இடத்தருகே மாப்புங்குப்வே குன்று இருக்கிறது. சுமார் 1220 முதல் 1290 வரை அங்கே ஓர் அரசு செழித்தது. அங்கு கிடைத்த தங்கக் காண்டாமிருகச் சிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே இடத்தில் கண்ணாடி மணிகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. என்னைக் கேட்டால், கடல் வணிகத்தைப் பற்றி அந்தக் காண்டாமிருகத்தைவிட, கடல் கடந்து வந்த இந்த மணிகளே நமக்கு அதிகம் சொல்லும்.

பல மணிகள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். ஐந்து மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்தால் அத்தனையும் மண்ணோடு போய்விடும். அதனால் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் சல்லடைதான் வேண்டும். ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, கரண்டியால் மண்ணை மெல்லச் சுரண்டுவார்கள். மண்ணின் நிறம் மாறினால் அடுத்த அடுக்கு வந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்வார்கள். இடம், சதுர எண், அடுக்கு, ஆழம், தேதி, இந்த ஐந்தையும் எழுதிய சீட்டு ஒவ்வொரு பையிலும் இருக்க வேண்டும். ஈரம் பட்டால் பேனா மை கரைந்துவிடும், பென்சில் நிற்கும். சீட்டு தொலைந்தால் அந்த மணி வெறும் அழகுப் பொருள்தான்.

எலி வளை இன்னொரு தொல்லை. மேலடுக்கு மணி அதன் வழியே கீழே விழுந்து, பழையது போல ஏமாற்றும். வளை நிரம்பிய மண் வட்டமாக, தளர்வாகத் தெரியும். அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கண்ணாடிக்குள் இருக்கும் குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டிருந்தால், உருகிய கண்ணாடிக் குழம்பைக் குழலாக இழுத்து நறுக்கிய மணி அது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் செய்தது இந்த முறையில்தான். குமிழிகள் துளையைச் சுற்றி ஓடினால், கம்பியில் சுற்றிச் செய்த மணி. மாப்புங்குப்வேக்கு அருகில் உள்ள கே2 என்ற ஊர்மேட்டில், வந்த மணிகளை உள்ளூர் மக்களே உருக்கி, களிமண் அச்சில் பெரிய மணிகளாக மாற்றியிருக்கிறார்கள். அந்த அச்சுகளும் கிடைத்துள்ளன. வாங்கியதை அப்படியே அணியாமல் தங்கள் விருப்பப்படி புதிதாக்கிய கைத்திறன் அது!

அடுத்தது வேதியியல். கண்ணுக்குத் தெரியாத அளவு புள்ளியை லேசர் கதிரால் ஆவியாக்கி, அதில் எந்தப் பொருள் எவ்வளவு என்று அளப்பார்கள். மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) 1.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், பொதுவாகச் செடிச் சாம்பல் கலந்த கண்ணாடி. மக்னீசியா குறைந்து அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மிகுந்திருந்தால், தெற்காசியாவில் செய்த கண்ணாடி என்று கருதலாம். மேற்பரப்பு அரித்திருந்தால் சோடா (சோடியம் ஆக்சைடு) கரைந்து போயிருக்கும், அளவும் தப்பாக வரும். ஆகவே லேசர் சற்று ஆழமாகப் போக வேண்டும்.

உயிரோடு இருந்த பொருளில் மிஞ்சிய கரிமத்தை வைத்து வயதைக் கணிப்பது கரிமக் காலக்கணிப்பு. கண்ணாடியை அதற்கு அனுப்ப முடியாது. அதே அடுக்கின் கரித்துண்டையோ கருகிய விதையையோதான் அனுப்புவார்கள். இரண்டில் விதையே சிறந்தது, ஏனென்றால் பெரிய மரத்தின் நடுக்கட்டை எரித்த நாளைவிடப் பல ஆண்டுகள் பழையதாக இருக்கும். கிடைக்கும் எண்ணைத் தென் அரைக்கோளத்துக்கென்று உள்ள அளவுகோட்டில் வைத்துத் திருத்த வேண்டும்.

ஆற்றங்கரையிலோ கரும்புத் தோட்டத்திலோ இப்படி ஒரு மணியைக் கண்டால் எடுக்காதீர்கள். அனுமதியின்றித் தோண்டுவதையும் எடுத்துச் செல்வதையும் 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் மரபுவளச் சட்டம் தடுக்கிறது. பக்கத்தில் ஓர் ஐந்து ராண்ட் காசை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள குவாசூலு-நடால் அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். படத்தில் மணியோடு சுற்றியுள்ள மண்ணும் தெளிவாகத் தெரியட்டும்.